காரீயத்துக்குப் பேட்ஜ் கிடையாது

என் மகள் வயிற்றில் இருக்கிறாள் என்று எனக்கே தெரியாமல் இருந்த அந்தச் சில வாரங்களில், என் கையுறையைத் தாண்டி ஏதாவது உள்ளே போனதா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. அவளுக்கு இப்போது நான்கு வயது. நன்றாக ஓடுகிறாள், கூசாமல் பொய் சொல்கிறாள், எல்.கே.ஜி. மிஸ்ஸைப் போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஓர் எழுத்தை அவள் திருப்பிப் போட்டு எழுதினால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதும் என்கிறார் மிஸ். அவருக்கென்ன, அவர் காரீயத்தோடு வேலை செய்தவரில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் ஆய்வு மாணவி. கணவருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை, டவுன்ஷிப்பில் வீடு. காலையில் அவர் அலுவலகப் பேருந்தில் ஏறியதும் நான் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பேருந்து பிடிப்பேன். கருங்குழியிலிருந்து மாமியார் வந்து எங்களோடு இருந்தார். நான் என்ன படிக்கிறேன் என்று அவர் கேட்டபோது, "கொழுப்பும் உலோகமும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று பார்க்கிறேன், அத்தை" என்றேன்.

"கொழுப்பா? அதுக்கு காலேஜ் எதுக்கு? ஒனக்கு கீற கொழுப்பே போதுமே," என்றார். அன்று முழுவதும் அதையே அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரித்தாலும் நான் சொன்னது சரிதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, வால்களை உள்ளே வைத்து, தலைகளை வெளியே நீட்டி நிற்பதுதான் அந்தச் சவ்வு. வாலுக்குத் தண்ணீர் ஆகாது, தலைக்குத் தண்ணீர் வேண்டும். சில தலைகளில் எதிர் மின்னூட்டம் உண்டு. கால்சியம் போன்ற நேர் மின்னூட்டம் உள்ள அயனி வந்தால் இரண்டு தலைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும். உடம்புக்கு அது தேவை. நரம்பு பேசுவதும் தசை இழுப்பதும் இப்படிப்பட்ட பிடிப்பிலும் விடுதலையிலும்தான் நடக்கின்றன.

காரீயமும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே மின்னூட்டம். கால்சியத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் கால்சியம் எழுந்து போகும் இடத்தில் காரீயம் எளிதில் எழாது. எலும்பு வரைக்கும் போய்க் குடியேறிவிடும். வளரும் பிள்ளையின் மூளையையும் கெடுக்கும்.

என் வேலை இதை ஒரு கண்ணாடிக் குடுவையில் பார்ப்பது. கொழுப்பைக் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையின் உள்சுவரில் படலமாக உலர்த்தி, புளிப்பு கூடாமல் குறையாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசலை ஊற்றிக் குலுக்கினால் நீர் பால்போல் ஆகும். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகள் அவை. மீயொலிக் கருவியில் வைத்து இன்னும் சிறிதாக்கினால் பால் தெளிந்து, லேசான நீலம் ஓடும். அந்த நீலம் வந்துவிட்டால் அன்றைய நாள் நல்ல நாள். பிறகு துளித்துளியாக உலோக உப்பைச் சேர்ப்பேன். குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டி நீர் மறுபடி கலங்கும். எந்த அளவில், எவ்வளவு வேகத்தில் கலங்குகிறது என்று கருவியில் பார்ப்பேன். உலோகத்தைப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ என்ற பொருளைச் சேர்த்தால் வெறுமனே ஒட்டியிருந்தவை பிரிந்து நீர் தெளியும். ஒட்டுவதைத் தாண்டி ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்ட குமிழிகள் என்ன செய்தாலும் பிரியாது.

அந்த வேனிலில் நான் காரீய நைட்ரேட்டோடு வேலை செய்துகொண்டிருந்தேன். கையுறை போட்டேன். போட்டேன்தான். வியர்வையில் நனைந்து வழுக்கியபோது ஒருமுறை கழற்றியிருப்பேனா? மின்விசிறிக் காற்றில் எடைபோடும் தட்டிலிருந்து பொடி பறந்திருக்குமா? ஆனி மாதம், எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் நினைத்தது குழந்தையை அல்ல, அந்தத் தட்டை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாமல்லபுரம் போனோம். மாமியார் கோயிலுக்குப் போய்விட்டுக் கடற்கரை மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார். நான் மறைக்கவில்லை. என்ன உப்பு, என்ன ஆபத்து, இனி அதைத் தொடமாட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று இன்று சில சமயம் நினைக்கிறேன். பிறகு, சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மோசம் என்றும் நினைக்கிறேன்.

"வெசம்னு நீயே சொல்ற, அங்கயே போறேன்னும் சொல்ற. இன்னாம்மா நாயம் இது? வவுத்துப் புள்ளைக்காரி வூட்ல குந்து," என்றார் மாமியார்.

"தொடமாட்டேன்னுதான் சொல்றேன், அத்தை. கால்சியம் மட்டும்தான் இனிமே. நீங்க சாப்பிடற சுண்டல்ல கூட இருக்கு."

"சுண்டல நான் சட்டியில வேவவெச்சித் துண்ணுவேன். ஒன்ன மாரி மெஷின்ல வெச்சிப் பார்க்க மாட்டேன்."

கணவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்கும்மா. ஒரு வருஷம் விட்டுட்டு அப்புறம் பார்த்துக்கலாமே," என்றார்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேட்ஜ் செருகியிருப்பதை வாரநாட்களில் பார்ப்பேன். வேலையிடத்தில் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று அந்தப் பேட்ஜ் பதிந்துகொள்ளும். அதை வாங்கிப் படித்துக் கணக்குச் சொல்ல ஆட்கள் உண்டு. அளவு கூடினால் அவரை வேறு இடத்தில் போடுவார்கள். மணலில் அவரைப் பார்த்து நான் கேட்டது எனக்கே புதிதாக இருந்தது.

"நீங்க தினமும் பேட்ஜ் மாட்டிக்கிட்டுப் போறீங்க. அத்தை உங்களுக்கு டிபன் கட்டிக் கொடுக்கிறாங்க. வீட்டுல உட்காருன்னு ஒரு நாளாவது யாராவது சொன்னாங்களா?"

"எனக்கு அளந்து சொல்ல ஆள் இருக்கும்மா."

"எனக்கு இல்லை. காரீயத்துக்குப் பேட்ஜ் கிடையாது. அதனால நான்தான் அளந்துக்கணும். வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு எதை வெச்சு அளக்கறது?"

மாமியார் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். "வாயி, வாயி. புள்ளையாவது வாய்ப்பேச்சு இல்லாம பொறக்கட்டும்," என்றார். அந்த வேண்டுதல் பலிக்கவில்லை.

அடுத்த வாரம் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார். குமிழி தயாரிப்பதும் கால்சியம் சேர்ப்பதும் என் பொறுப்பு. காரீயத்தை அறையின் மறுகோடியில், தனி மேசையில், என் தோழி சேர்ப்பாள். அவள் எனக்கு அடுத்து சேர்ந்தவள், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் பெண், என்னை அக்கா என்பாள். "அந்தப் பக்கம் வந்தீங்கன்னா காலை ஒடச்சிருவேன்க்கா," என்று தரையில் சாக்பீஸால் கோடே போட்டுவிட்டாள்.

இப்படியே ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூஜையை யாரும் விட்டதில்லை. முதல் நாளே எல்லாவற்றையும் துடைத்து, மறுநாள் நிறமாலைக் கருவிக்கு, மையவிலக்கிக்கு, தராசுக்கு, குளிர்பெட்டிக்கு என்று சந்தனமும் குங்குமமும் வைப்போம். பொரி, கடலை, ஆப்பிள், சாமிப் படத்தின் காலடியில் ஒரு உருண்டைக் குடுவை. பேராசிரியர் ஓரமாக நின்று கைகூப்பிவிட்டுப் பொரியை வாங்கிக்கொண்டு போவார். எனக்கும் அது பிடிக்கும். கருவி என்றாலும் நம் சோற்றுக்கு உதவுவது, அதற்கு ஒரு பொட்டு வைத்தால் என்ன?

விடுமுறை முடிந்து வேலை தொடங்கினேன். நீலம் வந்தது. கருவியில் வைத்தேன். எந்த உலோகமும் சேர்க்காத குடுவை, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்த குடுவை, தானாகவே கலங்கத் தொடங்கியது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கொழுப்பு கெட்டுவிட்டதோ என்று புதிதாக எடுத்துச் செய்தேன். செங்கல்பட்டில் மின்சாரம் போய்ப் போய் வரும், குளிர்பெட்டியைப் பற்றி எப்போதும் சந்தேகம்தான். புதுக் கொழுப்பிலும் கலங்கியது.

பேராசிரியர் வந்து குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, ஒண்ணும் சேர்க்காததே கலங்குதுன்னா, சேர்த்ததுல வர்ற முடிவை எப்படி நம்பறது?" என்றார். குடுவையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க மனசு இப்போ இங்க இல்லை. தப்பா சொல்லலை, இந்தச் சமயத்துல அப்படித்தான் இருக்கும். பிரசவம் முடியட்டும். வேலையை வேற யாராவது பார்க்கட்டும்," என்றார்.

வேறு யாராவது என்றால் என் தலைப்பு, என் குமிழிகள், என் மூன்று வருடம். அது ஒரு பக்கம். ஆனால் நான் பயந்தது அதற்காக அல்ல. ஈடிடிஏவைச் சேர்த்துப் பார்த்திருந்தேன். கலங்கியது தெளிந்துவிட்டது. அப்படியென்றால் என் கரைசலில் ஏதோ உலோகம் இருக்கிறது. எந்த உலோகம்? அந்த அறையில் எனக்குத் தெரிந்த அழையா விருந்தாளி ஒன்றுதான். காரீயம் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி என் மேசைக்கு வந்திருந்தால், நாள்கணக்கில் நான் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். கையுறையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். வயிற்றைத் தடவியிருக்கிறேன்.

"சார், விட்டுட்டுப் போறேன். ஆனா அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்காம போகமாட்டேன்," என்றேன். அவரிடம் அதற்கு முன் நான் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, பாருங்க," என்றார்.

நான் பயப்படுகிறவள். அடுப்பை அணைத்தேனா என்று பேருந்தில் ஏறியபின் மூன்று நிறுத்தம் யோசிப்பவள். ஆனால் அன்று அந்தப் பயமே எனக்கு வேலைக்காரியாக வந்து நின்றது. என்னென்ன என் குடுவைக்குள் போகிறதோ அத்தனையையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். குடுவையை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். கலங்கியது. காய்ச்சி வடித்த நீரை மாற்றினேன். கலங்கியது. தாங்கல் கரைசலைப் புதுப் புட்டியில் புதிதாகத் தயாரித்தேன். கலங்கவில்லை. நீலம் அப்படியே நின்றது.

ஆக, பழைய புட்டிதான். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, தோழியைக் கூப்பிட்டு, சல்ஃபைடு சேர்க்கச் சொன்னேன். காரீயம் இருந்தால் கறுக்கும்.

அவள் சோதனைக் குழாயைப் பிடித்திருந்தாள். நான் அதைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கறுக்கலைக்கா."

"இன்னும் கொஞ்சம் சேர்."

"கறுக்கலைக்கா. தண்ணி மாரிதான் கீது. நீங்களே பாருங்க."

பார்த்தேன். பிறகு ஆக்சலேட்டைச் சேர்த்தோம். வெள்ளையாகத் திரண்டது. கால்சியம். சுண்டலில் இருக்கும் கால்சியம். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவளும் எதற்கென்று கேட்காமல் கூட அழுதாள்.

கால்சியம் எங்கிருந்து வந்தது என்பது பழைய புட்டியைக் கழுவ எடுத்தபோதுதான் தெரிந்தது. அதன் கண்ணாடி மூடியில், மேலே மட்டுமல்ல, கழுத்துக்குள் இறங்கும் பக்கத்திலும், வெள்ளைப் பூச்சு. நடுவில் மங்கிய சிவப்பு. விரலால் தேய்த்து முகர்ந்தேன். திருநீறு.

"இது யார் வெச்சது?"

அவள் முகம் மலர்ந்தது. "நான்தான்க்கா! மெஷினுக்கெல்லாம் வெச்சாங்க, ஒங்க பாட்டிலுக்கு யாருமே வெக்கல. ரெண்டு உசிரு தொடற பாட்டிலாச்சேன்னு தனியா எடுத்து, பட்டையா இட்டு வெச்சேன். மூடியத் தொறந்து சுத்தி வெச்சேன்க்கா, காத்து கருப்பு அண்டாம."

கடைத் திருநீறு. பாதிக்கு மேல் சுண்ணாம்புத் தூளாகத்தான் இருக்கும். குங்குமத்திலும் மஞ்சளோடு சுண்ணாம்பு உண்டு. காரீயம் படிந்துவிடக் கூடாது என்று என் தாங்கல் கரைசலைச் சற்றுப் புளிப்பாகவே வைத்திருப்பேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் உதிர்ந்த தூள் அந்தப் புளிப்பில் கரைந்து, குமிழிகளைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கிறது. என்னைக் காப்பதற்காக இட்ட திருநீறு என் வேலையைக் கலக்கிவிட்டது.

அவளைத் திட்ட வாய் வரவில்லை. பேராசிரியரிடம் மூடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "உங்க தோழி ஒரு நல்ல பரிசோதனைதான் செஞ்சிருக்காங்க," என்றார். பிறகு பழையபடி, "இருந்தாலும் ஓய்வெடுத்துக்கலாமேம்மா," என்றார்.

"என் மனசு இங்கதான் இருந்தது, சார். மூடிதான் சரியில்லை," என்றேன்.

மறுவருடத்திலிருந்து கருவிகளுக்குப் பொட்டு உண்டு, புட்டிகளுக்குக் கிடையாது என்று வழக்கம் மாறியது. மாற்றியவள் நான். சாமி குற்றம் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

வளைகாப்பு நடந்தது. முழங்கை வரை கண்ணாடி வளையல். பிரசவம் வரை கழற்றக் கூடாது என்றார் மாமியார். கையுறை வளையல்மேல் ஏறாமல் கிழிந்தது. "பார்த்தியா, சாமியே சொல்லுது, போவாதன்னு," என்றார். நான் வளையல்களை மேலே தள்ளி, மெல்லிய துணியால் சுற்றிக் கட்டி, பாத்திரம் கழுவ விற்கும் நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு போனேன். பேருந்தில் நடத்துநர், "புள்ளத்தாச்சி நின்னுகினு வருது, எந்திரிங்க நைனா, தூங்கற மாரி நடிக்காதீங்க," என்று யாரையாவது எழுப்பி எனக்கு இடம் வாங்கித் தருவார். நடுவில் ஒரு நாள், செங்கல்பட்டில் என்னைப் பார்த்த மருத்துவரிடம் காரீயத்தைப் பற்றிக் கேட்டேன். "அந்த டெஸ்டெல்லாம் இங்க கிடையாதும்மா. நல்லா சாப்பிடுங்க, கால்சியம் மாத்திரையை விடாதீங்க," என்றார். கால்சியம் நிறைய இருந்தால் காரீயத்துக்கு உட்கார இடம் குறையும். அந்த மாத்திரையை நான் பிரசாதம்போல் விழுங்கினேன்.

தை மாதம் மகள் பிறந்தாள். வளையல் ஓசை கேட்டு வளர்ந்தவள் என்றார்கள். மீயொலிக் கருவியின் ஓசையும் கேட்டிருப்பாள்.

அவளுக்குச் சோறு ஊட்டத் தொடங்கியபோது அடுத்த சண்டை. கருங்குழியிலிருந்து மாமியார் ஒரு பித்தளைக் குண்டான் கொண்டுவந்தார். உள்ளே பளபளவென்று ஈயம் பூசியது. அதில்தான் பேத்திக்கு ரசம் வைப்பேன் என்றார். பூசுவது வெள்ளீயமாக இருந்தால் தொல்லையில்லை. ஆனால் அதில் காரீயத்தைக் கலந்து பூசுகிறவர்களும் உண்டு. புளியும் சூடும் பட்டால் காரீயம் ரசத்தில் இறங்கும்.

"இதுல வேண்டாம், அத்தை. எவர்சில்வர்ல வையுங்க."

"ஏன், இதுக்கு இன்னா கேடு?"

"இதுலயும் காரீயம் இருக்கலாம்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒன் காலேஜு வெசத்த நீ தொட்டுகினு திரிஞ்ச, அப்போ ஒண்ணியும் இல்ல. என் குண்டான்ல தான் வெசம் கீதா? ஒன் புருசன் இதுல துண்ணு வளந்தவன்தான். அவனுக்கு இன்னா கொறச்சல்?"

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார்.

நான் விடவில்லை. குண்டானில் புளித்தண்ணீர் கொதிக்கவைத்து, அமிலத்தில் கழுவிய புட்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். வேறு துறையில் உலோகங்களை அளக்கும் கருவி இருந்தது. அங்கே கெஞ்சிக் கூத்தாடி ஓர் இடம் வாங்கினேன். வழியெல்லாம் வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். குத்திக் காட்டக் கூடாது, மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்தேன். பெருந்தன்மைக்குக்கூடத் தயாராகிவிட்டேன்.

கருவி எதையும் காட்டவில்லை. இரண்டாம் முறையும் பார்த்தார்கள். அந்தக் கருவிக்கு எட்டுகிற அளவில் காரீயம் இல்லை. யாரோ நாணயமாக, நல்ல வெள்ளீயத்தில் பூசியிருக்கிறார்கள்.

மாலை வீட்டுக்கு வந்து சொன்னேன். வேறென்ன செய்வது? மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய், எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி, "என் குண்டான காலேஜு மெஷின்லயே வெச்சிப் பார்த்துட்டாங்க! சுத்தமாம்! எழுதிக் குடுக்காத கொறதான்!" என்றார். உள்ளே வந்து என்னைப் பார்த்து, "இன்னாம்மா, இப்போ இன்னா சொல்ற?" என்றார்.

முதலில் வெட்கமாக இருந்தது. சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அத்தை, மெஷின் சொன்னதை நம்பறீங்கதானே?"

"நம்பாம? மெஷின் பொய் சொல்லுமா?"

"அந்த மெஷின்கிட்ட தினமும் போறவ நான். அது சரின்னா நான் போறதும் சரி. உங்க குண்டான் சுத்தம்னு சொல்லவாவது வீட்டுல ஒருத்தி படிச்சிருக்கணும்."

அவர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ரசம் ஆறுது, ஊட்டு," என்றார். மறுநாள் காலை, நான் கேட்காமலே, குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸு போயிரப் போவுது, கெளம்பு," என்றார். அந்தக் குண்டானில்தான் இன்றும் எங்கள் வீட்டு ரசம். உண்மையைச் சொன்னால், எவர்சில்வரில் வைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது.

கால்சியம் பகுதியை முடித்தேன். ஆய்வேட்டில் காரீயப் பகுதி பாதியில் நிற்கிறது. தோழிக்கு ஒரு தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். இப்போது பேராசிரியர் ஓய்வுபெறப் போகிறார். "முடிக்கறதுன்னா இப்பவே முடிச்சிருங்கம்மா. எனக்கப்புறம் இந்த வேலையை யாரும் பார்க்கமாட்டாங்க," என்று சொல்லியனுப்பினார். மிச்சமிருப்பது காரீயம், அதுவும் என் கையாலேயே செய்தாக வேண்டும்.

வீட்டில் வேறு கணக்கு. "மொதல்ல ரெண்டாவத பெத்துக்க. அப்புறம் எந்த உப்ப வேணா கிண்டு," என்கிறார் மாமியார். கணவர் இந்த முறை கடலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "நீ முடிவு பண்ணும்மா. எது பண்ணாலும் சரி." அதுவும் ஒரு வகையில் பாரம்தான்.

எனக்கும் இன்னொரு குழந்தை வேண்டும். மறைப்பானேன். ஆனால் எலும்பில் குடியேறிய காரீயம், கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது கால்சியத்தோடு சேர்ந்து எழுந்து வரும் என்று நானே படித்திருக்கிறேன். மகளின் இரத்தத்தை இன்று சோதித்தால் இன்று இருப்பதுதான் தெரியும். அவள் ஒரு விரல் நுனி அளவு இருந்தபோது என்ன நடந்தது என்பதை எந்தக் கருவியும் திரும்பிப் போய்ப் பார்க்காது. ஒட்டியது மட்டுமா, இல்லை, கலந்தேவிட்டதா? தெரியாது. தெரியாமலே அவள் எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறாள், நானும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

தெரியாது என்பதற்காக நான் வீட்டில் உட்காரப்போவதில்லை. காரீயத்தைப் பார்த்து எல்லாத் தாய்மார்களும் ஓடிவிட்டால், அது பிள்ளைகளின் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று யார்தான் பார்ப்பது? அடுத்த மாதம் மறுபடி செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறுகிறேன். காரீயம் முதலில், குழந்தை பிறகு.

எனவே, இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வேலையை விட்டுவிடு என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த அறிவுரை எனக்கு வீட்டிலேயே மூன்று வேளையும் கிடைக்கிறது. அச்சகத்திலோ, பேட்டரிப் பட்டறையிலோ, சாயப் பட்டறையிலோ, ஆய்வுக்கூடத்திலோ இப்படிப்பட்ட பொருளோடு வேலை பார்த்துப் பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இரத்தத்தில் காரீயத்தை எங்கே, எப்போதெல்லாம் பார்த்தீர்கள்? வேலை முடிந்தபின் எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள்? காத்திருந்த நாட்களில் பயத்தை என்ன செய்தீர்கள்? வளர்ந்த பிள்ளையிடம் இதைச் சொன்னீர்களா? சொன்னீர்கள் என்றால், எந்த வயதில்?